ஹட்டனில் மெச் பார்க்க ஒரு டீக்கடை

என்னிடம் படித்துவிட்டு இப்போது கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், ஹட்டன்ல உக்காந்து மெச் பாக்க நல்ல எடம் எது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஸ்டேஷன் பக்கம் ஏறுகிற வழியில், பலகைக் கதவு போட்ட டீக்கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. முன்பு இருந்ததாம், ஓர் ஆடி மாதக் காற்றில் போனது, பிறகு யாரும் மாட்டவில்லை. வழி கேட்டால் "புட்போல் கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காட்டுவார்கள். உள்ளே ஐந்து மேசை, இரண்டு நீள பெஞ்ச், பாண் அலுமாரிக்கு மேலே 43 அங்குல டீவி. கடைக்காரர் முஸ்லிம், அவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுகிறோம். எனக்கு அப்பா வயது இருக்கும், ஆனாலும் நானாதான்.

முதலில் டீயைப் பற்றிச் சொல்லவேண்டும். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள், ஆனால் நல்ல தேயிலை எங்கள் வாய்க்கு வருவது அபூர்வம். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விடும், எங்களுக்கு வருவது டஸ்ட். நானா போடுவதும் டஸ்ட்தான். ஆனால் அவர் எந்தத் தொழிற்சாலைத் தூள், எந்த மாதத்துத் தூள் என்று பார்த்து வாங்குகிறார். எங்கள் டிம்புல பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் உச்சம். மழை விட்டு, இரவில் குளிர் இறங்கி, பகலில் காய்ந்த காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளரும், வாசம் இலைக்குள்ளேயே நிற்கும். அந்த மூன்று மாதத்தில் நானா கடை பிளேன்டீயைக் கையில் வாங்கியதும் குடிக்காமல் கொஞ்சம் மூக்குக்கிட்டே வைத்திருங்கள். தூளைப் போட்டுக் கொதிக்க வைப்பதில்லை. பொயிலர் தண்ணீரில் கிளாஸைக் கழுவிச் சூடாக்கி, துணி வடியில் ஒரே ஊற்றாக ஊற்றுகிறார். இஞ்சியை உரலில் ஒரே ஓர் இடி, அவ்வளவுதான், சாறு வந்ததும் விட்டுவிடுவார். சீனியைக் கலக்க வேண்டாம் என்று சொன்னால் சின்னத் தட்டில் தனியாகத் தருவார். பாட்டி குடித்த மாதிரி உள்ளங்கையில் வைத்துத் தொட்டுக்கொண்டு குடிக்கலாம். கடைசியாகப் போனபோது பிளேன்டீ 50 ரூபாய், பால் டீ 120.

சாப்பாட்டில் ரொட்டியும் கட்டசம்பலும் எடுங்கள். சம்பலில் மாசிக் கருவாடு உண்டு, வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் போடாமல் இடித்துத் தருவார்கள். உளுந்து வடை பின்னேரம் நாலு மணிக்கு ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை போடுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் வாங்கினால் ஆறிப்போனதுதான் கிடைக்கும், ஆறின வடையை நானா சூடுகாட்டித் தரமாட்டார். கொத்து ரொட்டிக்கு ஒரு சட்டம் உண்டு: மெச் தொடங்கிவிட்டால் கொத்து இல்லை. தகட்டுச் சத்தத்தில் கொமென்ட்ரி கேட்காது என்பதால் அவரே வைத்த சட்டம். ஆகையால் இடைவேளை விசில் ஊதினதும் பதினைந்து நிமிடத்துக்குள் பத்துக் கொத்து வெட்டி முடிக்கிறார் கொத்து மாஸ்டர். அந்தப் பதினைந்து நிமிடத்தில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது.

ரமழான் மாதத்தில் பகலில் கடை பூட்டு. மாலை நோன்பு திறந்த பிறகு போனால், கேட்காமலே ஒரு கோப்பை கஞ்சி வரும், யாராக இருந்தாலும். அதற்குக் காசு வாங்குவதில்லை.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது கொப்பியைப் பற்றி.

நானாவிடம் கடன் கணக்கு எழுதுகிற ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. முன்பக்கத்திலிருந்து யார் யார் எவ்வளவு பாக்கி என்று போகும். பின்பக்கத்தைத் திருப்பினால் அது வேறு கொப்பி. கடையில் யாராவது அடித்துச் சொல்கிற விஷயம் எல்லாம் அங்கே ஏறும்: திகதி, சொன்ன வாக்கியம், கீழே கையெழுத்து. காசு வைத்துப் பந்தயம் கட்டுவது அந்தக் கடையில் ஹராம். தோற்றவர் அன்றைக்கு இருக்கிற எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கித் தரவேண்டும். இரண்டு கொப்பி முடிந்து இப்போது மூன்றாவது ஓடுகிறது. இரண்டாவதன் அட்டையில் எண்ணெய்க் கறை வட்டமாக இருக்கும், வடைத் தட்டை அதன்மேல் வைத்த தடம்.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குள் போனது 2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை இரவு. மலை சீசன் நேரம். வத்தளையிலிருந்து பெரியம்மா வீட்டார் சிவனொளிபாதமலைக்கு வேனில் வந்துகொண்டிருந்தார்கள். ஹட்டனில் ஏறிக்கொண்டு நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவதாக ஏற்பாடு. கண்டிப் பக்கம் முஸ்லிம் வீடுகளையும் கடைகளையும் எரித்து, நாடு முழுக்க அவசரகாலச் சட்டம் போட்டிருந்த வாரம் அது. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கியிருந்தார்கள். வேன் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள சாதாரண கோல் ஒன்றுதான் வழி. ரோட்டில் நிற்க முடியாத குளிர். தம்பி சொன்னான், "வா அக்கா, நானா கடையில மெச் போகுது. உன் டீம்தான்."

மலை சீசனில் அந்தக் கடை வழக்கமாக இரவு முழுக்க விரியத் திறந்திருக்கும். அன்றைக்கு முன்கதவில் மூன்று பலகை மட்டும் கழற்றியிருந்தது. ஆனால் உள்ளே உட்கார இடமில்லை. தோட்டத்துப் பையன்கள், ஆட்டோக்காரர்கள், சந்தை மூட்டைக்காரர்கள் என்று இருபது பேருக்கு மேல். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் வந்து உட்கார்ந்திருந்தார்களாம், மெச் இல்லாத இரவிலும். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியும் இருக்கவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு மெச் அங்கே, ஒரு மெச் இங்கே என்று ஆடுகிற சுற்று, இது இரண்டாவது மெச். ஒரு மணி பதினைந்துக்கு மன்செஸ்டர் யுனைட்டட்டின் சொந்த மைதானமான ஓல்ட் ட்ரஃபர்டில் யுனைட்டட்டும் செவில்லாவும் இறங்கின.

அந்த இரவைப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் பின்னால் போகவேண்டும். ஜனவரி 22ஆம் திகதி யுனைட்டட்டும் ஆர்சனலும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டன. மிகிதாரியான் அங்கே, அலெக்ஸிஸ் சான்செஸ் இங்கே. கைக்காசு இல்லாத மாற்று. சான்செஸ் அதற்கு முந்தைய சீசனில் லீக்கில் மட்டும் 24 கோல் அடித்தவர், ஆர்சனலுடன் ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. மன்செஸ்டர் சிட்டியும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. மிகிதாரியானோ அதற்கு முந்தைய மே மாதம் அயாக்ஸுக்கு எதிரான யூரோப்பா லீக் இறுதியில் கோல் அடித்தவர், ஆனால் பிறகு கோச் மொரீனியோவின் மனதிலிருந்து இறங்கிவிட்டார்.

அந்த மாற்று பற்றிக் கடையில் நடந்த சண்டை கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. நான் பிறகு பொறுமையாக இருந்து வாசித்தேன். "ஏழாம் நம்பருக்கு ஆள் வந்தாச்சு. அடுத்த வருஷம் கப்" என்று ஒருவர். "சான்செஸ் 20 கோல், கொறையாது" என்று இன்னொருவர், கீழே மூன்று கையெழுத்து. எதிர்ப்பக்கத்தில், நேர்த்தியான சாய்வெழுத்தில், ஒரேயொரு ஆள்: "வயசு 29. நிக்கிற எடத்துல ராஷ்ஃபோர்டும் மார்சியாலும் ஏற்கெனவே நிக்கிறாங்க. வேணாம்."

அந்தச் சாய்வெழுத்துக்காரரைத்தான் கடையில் இன்டர் மாமா என்று கூப்பிடுவார்கள். இன்டர் டீமின் ஊரான மிலானில் பதினொரு வருடம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். கழுத்தில் எப்போதும் நீலமும் கறுப்புமாக ஒரு மப்ளர். வேலை செய்த வீட்டுக்காரர் கொடுத்ததாம்.

இடைவேளையில், கொத்துச் சத்தம் ஓய்ந்ததும், நான் வாயைத் திறந்தேன். தெரியாத கடை, நடுச்சாமம், நான் ஒருத்திதான் பெண். ஆனால் தாங்க முடியவில்லை. முதல் மெச்சில் ஸ்பெயினுக்குப் போய் 0–0 எடுத்து வந்ததை எல்லாரும் நல்ல முடிவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அது நல்ல முடிவு இல்லை. கோல்காப்பாளர் டி ஹேயாவின் கை மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அதைவிட, அப்போது வெளிக்கோல் சட்டம் இருந்தது. மொத்தக் கணக்கு சமமாக வந்தால் எதிராளி வீட்டில் அதிகம் அடித்தவருக்குத்தான் வெற்றி. யுனைட்டட் வெளியே போய் ஒன்றும் அடிக்கவில்லை. இங்கே செவில்லா ஒன்று அடித்துவிட்டால் நமக்கு இரண்டு வேண்டும், 1–1 என்றாலும் நாம் வெளியே. "இந்த 0–0 நமக்குப் பத்திரமில்ல, அவங்களுக்குத்தான் பத்திரம்" என்று சொன்னேன். நானா கொப்பியை எடுத்து வந்து பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாம் பாதியிலும் அதே ஆட்டம். நடுவில் ஃபெலாய்னியும் மட்டிச்சும். பொக்பா பெஞ்சில், ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறக்கினார்கள். சான்செஸ் இடது கரையில் பந்தை வாங்குகிறார், நிமிர்ந்து பார்க்கிறார், முன்னால் ஓட ஒருவரும் இல்லை, பின்னால் தட்டுகிறார். திரும்பவும் வாங்குகிறார், திரும்பவும் பின்னால். 72ஆம் நிமிடம் செவில்லா பென் யெடரை இறக்கியது. 74இல் அடித்தார். 78இல் இன்னொன்று. முதல் கோல் விழுந்த பிறகுதான் மார்சியாலும் மாட்டாவும் உள்ளே வந்தார்கள். லுகாகு ஒன்று திருப்பினார், 2–1, போய்விட்டது. கடைக்குள் இருபது பேர் இருக்கிற சத்தமே இல்லை. பொயிலர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு மொரீனியோ வந்து, இந்த மைதானத்தில் வெளியேறுவது கழகத்துக்குப் புதிதல்ல, 2004இல் போர்ட்டோவோடும் 2013இல் ரியல் மட்ரிடோடும் வந்து யுனைட்டட்டை வெளியேற்றியதே நான்தான் என்று சொன்னார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தோற்றது கூடப் பரவாயில்லை, தோட்டத்து கிளப்பில் இருந்த ஒரே டீவிக்கு முன்னால் அப்பாவின் மடியில் உட்கார்ந்து நான் பார்த்து வளர்ந்த டீம் அது.

நானா கொப்பியில் என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். "டீச்சர் சொன்னது சரி" என்று எழுதினார். மூன்றே காலுக்குப் பெரியம்மாவின் வேன் வந்தது. அன்றைக்கிலிருந்து அந்தக் கடைதான்.

பெண்கள் போகலாமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். போகலாம். அடுப்படிப் பக்கத்து பெஞ்சைப் பெண்களுக்கென்று நானா ஒதுக்கி வைப்பார். யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை, இடிப்பதில்லை. பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார்கள், தப்பாகப் பேசினால் மற்றவர்களோடு சண்டை பிடிப்பது போலவே பிடிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதுதான். டவுனில் வேறொரு இடத்தில் பெரிய ஸ்கிரீன் இருக்கிறது, மெத்தைக் கதிரையும் இருக்கிறது. கொமென்ட்ரியை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு தடவை போனேன், போதும்.

இன்டர் மாமாவுக்கும் எனக்கும் நடக்கிற வழக்கு இன்னும் முடியவில்லை. சான்செஸ் விஷயத்தில் அவர் எழுதியது பலித்தது: யுனைட்டட்டுக்காக 45 மெச், 5 கோல். 2019இல் கடனாக எங்கே போனார் தெரியுமா, இன்டருக்கு. மாமா அன்றைக்கு எல்லாருக்கும் அவராகவே டீ வாங்கினார். ஆனால் காரணத்தில்தான் நாங்கள் பிரிகிறோம். மாற்றே தப்பு என்கிறார் அவர். மாற்றில் துணிச்சல் இருந்தது, அதில் குற்றமில்லை. பொறுக்க மாட்டாத ஓர் ஆட்டக்காரரைக் கொண்டுவந்து காத்திருக்கிற டீமில் போட்டதுதான் குற்றம் என்கிறேன் நான். ஆர்சனலில் அவர் பத்துப் பந்தில் ஐந்தைத் தொலைத்தாலும் ஆறாவது கோலாகும், ஏனென்றால் சுற்றி நாலு பேர் ஓடுவார்கள். இங்கே அவரை நிறுத்தி வைத்தார்கள். கொழுந்து எடுக்கிற கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துவிட்டு, நிறை குறைகிறது என்று சத்தம் போட்ட மாதிரி.

மாமாவிடம் ஒரு துருப்பு உண்டு, எப்போதும் அதைத்தான் இறக்குவார். 2009இல் பார்சிலோனாவும் இன்டரும் செய்த மாற்று. இப்ராஹிமோவிச்சுக்காக எட்டோவையும் கொடுத்து, மேலே 46 மில்லியன் யூரோ அளவுக்குக் காசும் கொடுத்தது பார்சிலோனா. அதே எட்டோதான் இரண்டு மாதத்துக்கு முன்பு ரோமில் யுனைட்டட்டுக்கு எதிராகப் பத்தாவது நிமிடம் அடித்தவர், எனக்கு மறக்காது. அடுத்த வருடமே சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரண்டும் மோதின. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் ஓடாமல் பார்சிலோனாக்காரர்கள் மிலானுக்கு பஸ்ஸில் வந்தார்கள். 3–1 இன்டர். திரும்பப் போன இடத்தில், காம்ப் நூவில், 28ஆம் நிமிடமே மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் முழுக்கப் பத்துப் பேர் சுவராக நின்றார்கள். கோல் அடிக்கிற எட்டோ பின்வரிசைக் காவலாளி மாதிரி கரையோரம் ஏறி இறங்கினார். பிக்கே ஒன்று அடித்தார், அதற்கு மேல் போகவில்லை. மே மாதம் மட்ரிடில் பாயர்னை வென்று கப். கோச் யார்? அதே மொரீனியோ. பின்னால் நின்று ஆடுவதில் குற்றமில்லை, மாற்றில்தான் குற்றம் என்பது மாமாவின் கட்சி.

"டீச்சர், நீங்க கணக்குப் பாக்குறீங்க. நான் கண்ணால பாத்தேன்" என்பார் மாமா. மப்ளரை அவிழ்த்து மேசைமேல் விரித்து, சீனித் தட்டை கோல் கம்பமாக வைத்து, பத்து வெற்று கிளாஸை அடுக்கிக் காட்டுவார். எட்டோவுக்கு மட்டும் பால் டீ கிளாஸ், உயரமானது. அதை இடது மூலையிலிருந்து நகர்த்தி நகர்த்திப் பின்னால் கொண்டுவருவார். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் பார்ப்பேன்.

என் பதில் மாறவில்லை. இன்டர் 3–1 கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றது. காவல் நிற்க வீட்டுக்குள் சாமான் இருந்தது. யுனைட்டட் 0–0ஐ வைத்துக்கொண்டு எதைக் காத்தது? வெறும் வீட்டுக்குப் பூட்டு.

இதில் நானா யார் பக்கம் என்று கேட்பீர்கள். அவர் வாயால் சொல்லமாட்டார், ஆனால் செய்கையில் தெரியும், ஏனென்றால் அவரும் ஒரு கோச். கடைப் பையன்களும் பக்கத்துத் தோட்டத்துப் பையன்களும் சேர்ந்த ஒரு டீமை அவர்தான் நடத்துகிறார். டன்பார் மைதானம் கிடைத்தால் அங்கே, இல்லாவிட்டால் தோட்டத்துச் சரிவு மைதானத்தில் ஆடுவார்கள். பந்து தேயிலைக்குள் உருண்டு போனால் எடுத்து வர ஐந்து நிமிடம் ஆகும். ஒரு சித்திரைப் புத்தாண்டு ஆட்டத்துக்கு முன்னால் நானா தன் வேகமான வலதுகரைப் பையனைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து உயரமான பின்வரிசைப் பையனை வாங்கினார். கடையில் எழுந்த சண்டை சான்செஸுக்குக்கூட நடந்திருக்காது. அரையிறுதியில் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னால் இருந்தோம், முதல் பாதியிலேயே. நானா எல்லாரையும் பின்னால் இழுத்தார். இரண்டாம் பாதியில் நாங்கள் சரிவின் கீழ்ப்பக்கம். மேலிருந்து வருகிற பந்துக்கு எத்தனை பேர் நின்றாலும் தடை இல்லை. கடைசி நேரத்தில் இரண்டு விழுந்தது, இரண்டாவதை அடித்தது நாம் கொடுத்த அந்த வலதுகரைப் பையன். மைதானத்திலிருந்து கடைக்கு நடந்து வரும் வழி முழுக்க நானா ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குள் வந்ததும் கொப்பியை எடுத்தார், தன் கையாலேயே எழுதினார்: "மேல்பக்கம் இருந்தப்ப ரெண்டாவது அடிச்சிருக்கணும்." கீழே கையெழுத்து. டீயும் அவரே ஊற்றினார்.

தன் கடையில், தன் கொப்பியில், தன் பிழையைத் தானே எழுதுகிற மனிதர். அதனால்தான் அந்தக் கொப்பிக்கு மதிப்பு.

என் பெயரும் அதில் தோற்ற பக்கத்தில் உண்டு. 2025 மே 21, யூரோப்பா லீக் இறுதி, பில்பாவோவில் டொட்டன்ஹாமும் யுனைட்டட்டும். லீக்கில் அப்போது ஒன்று 17ஆம் இடம், மற்றது 16. மலை சீசன் முடிந்து கடை ஒன்பதுக்கே மூடுகிற காலம், எங்களுக்காக நானா பன்னிரண்டரைக்குத் திறந்தார். டொட்டன்ஹாம் கோச் பொஸ்டகோக்லுவுக்குப் பின்வாங்கத் தெரியாது, முன்னால் போனாலும் விட்டுவிடுவார்கள், 2–1 நமக்கு என்று நான் எழுதிக் கொடுத்தேன். 42ஆம் நிமிடம் பிரென்னன் ஜோன்சன் ஒன்று அடித்தார். அதற்குப் பிறகு அந்தக் கோச் வாழ்நாளில் ஆடாத ஆட்டத்தை ஆடினார்: பெட்டிக்கு முன்னால் சுவர். ஹொய்லன்ட் தலையால் தட்டியது உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது, வான் டி வென் அந்தரத்தில் புரண்டு கோட்டிலிருந்து உதைத்து வெளியே எடுத்தார். 1–0. பதினான்கு பிளேன்டீ, 700 ரூபாய். இன்டர் மாமா சீனித் தட்டை என் பக்கம் தள்ளி, "இதுலயும் வீட்டுக்குள்ள சாமான் இருந்துச்சு டீச்சர், நீங்க சொன்னதுதான்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அந்தக் கோச்சை இரண்டு வாரம் சொச்சத்தில் வேலையிலிருந்து நீக்கினார்கள், கப் வாங்கிக் கொடுத்த பிறகு. அதைப் பற்றி அடுத்த இரண்டு பக்கம்.

பத்து நாள் கழித்து மாமாவின் முறை. மியூனிக்கில் இறுதி, இன்டர் 0, பாரிஸ் 5. சாம்பியன்ஸ் லீக் இறுதியில் யாரும் அப்படித் தோற்றதில்லை. நாலாவது விழுந்ததும் மாமா மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, அவர் எழுதிக் கொடுத்திருந்த பக்கத்தை யாரும் திருப்பவில்லை. நானா ஒரு இஞ்சிப் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளில் ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனார். அந்த இரவு டீக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். நடுத்தூணுக்குப் பின்னால் இருக்கிற மேசையில் உட்கார்ந்தால் இடது கோல் தெரியாது. ஜூன், ஜூலை மழையில் டிஷ் அடிக்கடி விடும், முக்கியமான நேரத்தில் படம் உறைந்து நிற்கும். அப்போது யாராவது ஃபோனில் பார்த்துச் சத்தமாகச் சொல்வதுதான் வழி. கழிவறை பின்பக்கம், வெளியே, லைட் மங்கல். பெண்கள் போகிற கடையாகிவிட்ட பிறகு அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். நானாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார், நான் விடப்போவதில்லை. பின்வரிசையில் அடுப்புப் புகை வரும், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள். சுவெட்டர் கட்டாயம், பலகைக் கதவு குளிரைத் தடுக்காது. இரவு மெச் என்றால் திரும்பிப் போக பஸ் இருக்காது. வெளியே நிற்கிற ஆட்டோக்காரர்களும் உள்ளேதான் இருப்பார்கள், மெச் முடியாமல் கிளம்ப மாட்டார்கள்.

சனிக்கிழமை மெச்சுகளுக்கு, இங்கிலாந்தில் கோடைகால நேரம் என்றால் ஏழரை, குளிர்காலம் என்றால் எட்டரை. அரை மணி முன்னால் போனால் சுடச்சுட வடையும் தூண் மறைக்காத இடமும் கிடைக்கும். முதல் தடவை போகிறவர்கள் நானாவிடம் பழைய கொப்பியைக் கேளுங்கள், எடுத்துத் தருவார், வாசிக்கலாம், படம் மட்டும் எடுக்கக்கூடாது. எழுதுவதானால் உங்கள் பேனாவைக் கொண்டுபோங்கள். கடைப் பேனா குளிருக்கு உறைந்துவிடும், பொயிலர் பக்கத்தில் வைத்துச் சூடாக்கினால்தான் எழுதும்.